குழாய்த் தண்ணீருக்கு எவ்வளவு கொடுப்போம்?

'பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்' என்று நம் வீடுகளில் யாரையாவது குறை சொல்வதுண்டு. அந்த வசவுக்குள் ஒரு பொருளியல் கருத்தே அடங்கியிருக்கிறது. பணம் என்பது எண்ணிச் செலவழிக்க வேண்டியது. தண்ணீரோ கணக்குப் பார்க்கத் தேவையில்லாதது. நம் மொழியிலேயே ஊறிப்போன இந்த எண்ணத்தோடு வாழும் ஒரு குடும்பத்தாரிடம் சென்று, "உங்கள் சாலைக்கு அடியில் கிடக்கும் குழாய் உங்கள் வயதைவிட மூத்தது. அதை மாற்ற மாதம் எத்தனை ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பொருளியலில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. ஒரு பொருளுக்காக ஒருவர் அதிக அளவாக எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பாரோ அதனை அவருடைய விருப்பத்தொகை எனலாம். குடிநீர்க் கட்டமைப்பு போன்ற நீண்டகாலத் திட்டங்களில் இத்தொகையை அறிவது ஏன் கடினமாக இருக்கிறது, அறிந்த பின்னும் அதை ஏன் அப்படியே நம்பிவிட முடியவில்லை என்பதை மலேசிய, சிங்கப்பூர் அனுபவங்களைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

விலை வேறு, விருப்பம் வேறு

உயிருக்கு இன்றியமையாத தண்ணீர் மலிவாகவும், பயனே இல்லாத வைரம் விலை உயர்ந்ததாகவும் இருப்பதேன் என்ற புதிரை ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டிலேயே எழுப்பினார். பின்வந்த அறிஞர்கள் சொன்ன விடை எளிமையானது. ஒரு நாளின் முதல் குவளைத் தண்ணீருக்கு நாம் எதையும் கொடுப்போம். கார் கழுவப் பயன்படும் நூறாவது வாளிக்கு அவ்வளவு கொடுக்க மாட்டோம். கட்டணச் சீட்டில் வரும் விலை அந்த நூறாவது வாளியின் மதிப்பையே காட்டுகிறது. முதல் குவளையின் மதிப்பு எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை.

சிலாங்கூரில் முதல் 20 கன மீட்டருக்கான வீட்டுக் கட்டணம் 2006 முதல் கன மீட்டருக்கு 57 சென்னாகவே இருந்து, 2024 பிப்ரவரி 1ஆம் நாள் 65 சென்னாக உயர்ந்தது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அதே 1,000 லிட்டரை, ஒரு ரிங்கிட்டுக்கு விற்கும் அரை லிட்டர்ப் போத்தல்களாக வாங்கினால் 2,000 ரிங்கிட் ஆகும். கடைத்தெரு ஓரத்தில் நிற்கும் தண்ணீர் இயந்திரத்தில் லிட்டருக்கு 20 சென் வீதம் பிடித்தாலும் 200 ரிங்கிட். ஆக, 65 சென் என்பது தண்ணீருக்கு நாம் தரும் மதிப்பு அன்று. நம்மிடம் கேட்கப்பட்ட விலை, அவ்வளவே.

கேட்டு அறியும் முறை

சந்தையில் விலை இல்லாத ஒன்றின் மதிப்பை எப்படி அறிவது? மக்களிடமே கேட்டுவிடுவது ஒரு வழி. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர், மேய்ன் மாநிலக் காடுகளுக்கு வேட்டையாடவும் பொழுதுபோக்கவும் வந்தவர்களிடம், இங்கு வருவதற்காக இன்னும் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வேட்டை எழுதினார். 1989ஆம் ஆண்டு எக்ஸான் வால்டெஸ் என்னும் கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெயைக் கொட்டியபோது, அச்சேதத்தின் மதிப்பைக் கணக்கிடவும் இதே முறை கையாளப்பட்டது. பெரும் வாக்குவாதம் மூண்டது. இம்முறையை நம்பலாமா என்று ஆராய நோபெல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகிய இருவரின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1993இல் அறிக்கை வெளிவந்தது.

அக்குழு சொன்னவற்றுள் இரண்டு நமக்குப் பயன்படும். முதலாவது, 'எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று திறந்த கேள்வியாகக் கேட்காமல், ஒரு தொகையைச் சொல்லி 'இதற்குச் சம்மதமா, இல்லையா?' என்று வாக்கெடுப்பைப் போலக் கேட்க வேண்டும். இரண்டாவது, இந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும், அந்த அளவுக்கு வேறு செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்ட வேண்டும். கற்பனைப் பணத்தைக் கொடுப்பதில் எல்லாரும் வள்ளல்களே என்பதை அக்குழு நன்கு அறிந்திருந்தது.

இந்த இரு விதங்களின் வேறுபாட்டை நேரில் பார்க்க விரும்பி, கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் வசிக்கும் தாமானில் அறிமுகமான சில வீடுகளில் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். இதனை ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைவிட்டு எண்ணக்கூடிய வீடுகள்தாம். 'எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்ட இடங்களில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, "மத்தவங்க எவ்வளவு சொன்னாங்க தம்பி?" என்ற எதிர்க்கேள்வி வந்தது. 'மாதம் 10 ரிங்கிட் கூடினால் சம்மதமா?' என்று கேட்ட இடங்களிலோ சிரிப்பே இல்லை. ஓர் அக்காள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "எத்தனை வருசத்துக்கு? யார் கையில கொடுக்கணும்? அப்புறம் தண்ணி நிக்காதுன்னு எழுதிக் கொடுப்பாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். ஒரு தொகை முன்னால் வந்து நின்றதும் மக்கள் அதை ஓர் ஒப்பந்தமாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அக்காள் கேட்ட மூன்று கேள்விகளும் இத்துறை நூல்களில் பக்கம் பக்கமாக விவாதிக்கப்படுபவை என்பது குறிப்பிடத்தக்கது.

'சல்லிக்காசு தரமாட்டேன்' என்பதன் பொருள்

இத்தகைய கணக்கெடுப்புகளில் சிலர் 'பூச்சியம்' என்று பதில் சொல்வார்கள். பூச்சியத்தில் இரு வகை உண்டு. ஒருவருக்கு அந்த வசதி உண்மையிலேயே தேவையில்லாமல் இருக்கலாம். அல்லது கையில் காசு இல்லாமல் இருக்கலாம். மற்றவருக்குத் தேவை இருக்கிறது, காசும் இருக்கிறது; ஆனால் கேள்வியே அநியாயம் என்று அவர் கருதுகிறார். இரண்டாம் வகையை ஆய்வாளர்கள் எதிர்ப்புப் பூச்சியம் என்று தனியே பிரிப்பார்கள். பல ஆய்வுகளில் இவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னவர்களையே வெளியே நிறுத்துவது போல் அது படுகிறது.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர். அங்கு லயத்து வீடுகளுக்குப் பொதுக் குழாய் இருந்தது. தண்ணீருக்கென்று யாரும் சீட்டு நீட்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. குடியிருப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பொறுப்பை முதலாளி மீதே வைக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானுக்கு வந்தபோது வந்த முதல் தண்ணீர்ச் சீட்டைப் பார்த்துப் பாட்டி, "நாம என்ன தப்பு செஞ்சோம், அபராதம் போட்டிருக்கான்?" என்று கேட்டாராம். என் அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் பாட்டியின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. தண்ணீர் என்பது கூலியின் ஒரு பகுதி என்று அறிந்து வாழ்ந்தவர் அவர். அந்தப் பகுதி எடுக்கப்பட்டது, ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் ஒருவர் வந்து விருப்பத்தொகை கேட்டிருந்தால் அவர் பூச்சியம் என்றே சொல்லியிருப்பார். அந்தப் பூச்சியத்தைத் தண்ணீரின் மதிப்பு என்று எழுதிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய பிழை!

ஏற்கெனவே செலவாகும் பணம்

கேட்டு அறிவதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. மக்கள் சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதைப் பார்ப்பது. குழாய்த் தண்ணீர் சரியாக வராத ஊரில் மக்கள் சும்மா இருப்பதில்லை. தொட்டி வைக்கிறார்கள், மோட்டார் போடுகிறார்கள், கொதிக்க வைக்கிறார்கள், வடிகட்டுகிறார்கள், வாங்குகிறார்கள். இச்செலவுகளைக் கூட்டினால் விருப்பத்தொகையின் குறைந்தபட்ச அளவாவது கிடைத்துவிடும்.

நேப்பாளத் தலைநகர் காட்மாண்டுவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. குடும்பங்கள் இப்படிச் சமாளிப்பதற்காக மாதம் சராசரி ஏறத்தாழ 3 அமெரிக்க டாலர் செலவழித்தன. அது அவை தண்ணீர் வாரியத்துக்குக் கட்டிய தொகையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நல்ல சேவை கிடைத்தால் கொடுப்போம் என்று அவர்கள் சொன்ன தொகை அதையும் தாண்டியிருந்தது. நைஜீரியாவின் ஒனிட்சா நகரைப் பற்றி 1991இல் வெளிவந்த ஆய்வும் இவ்வகைப்பட்டதே. அந்நகர மக்கள் தண்ணீர் வியாபாரிகளிடம் ஓராண்டில் கொடுத்த பணம், குழாய் விநியோகத்தை இயக்கிப் பராமரிக்கும் செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. பணம் ஊரில் இருந்தது. அது குழாய்க்குப் போகவில்லை.

இதைப் படித்த பின் எங்கள் வீட்டின் 2024ஆம் ஆண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். ஐவர் உள்ள வீடு. ஒரு மாதத்தில் 30 கன மீட்டர். முதல் 20க்கு 65 சென் வீதம் 13 ரிங்கிட், அடுத்த 10க்கு 1.32 வீதம் 13.20. மொத்தம் 26 ரிங்கிட் 20 சென். அதே மாதம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வடிகட்டி இயந்திரத்துக்கு வாடகை 95 ரிங்கிட்! குழாய்த் தண்ணீரைக் கொண்டுவருவதற்கு ஒரு பங்கு, வந்த தண்ணீரை நம்புவதற்கு மூன்றரைப் பங்குக்கும் மேல். வெட்டு அறிவிக்கப்படும் நாள்களில் வாங்கும் போத்தல்களையும், கூரைத் தொட்டி போதாதென்று கொல்லையில் வைத்த இரண்டாம் தொட்டியையும் இதில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் ஊதாரி இல்லை. 2020 செப்டம்பரில் ஆற்றில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றபோது, லாரித் தண்ணீருக்காக வாளியோடு வரிசையில் நின்றவர்களில் நாங்களும் அடக்கம். அதற்கு முன் 2014இல் பங்கீடு. 1998இல் பல மாதப் பங்கீடு. இவற்றையெல்லாம் கண்ட குடும்பம் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் செலவு செய்வது நியாயமானதே. ஆனால் அந்த 95 ரிங்கிட்டில் ஒரு சென்கூடச் சாலைக்கு அடியில் கிடக்கும் குழாயைத் தொடுவதில்லை. எல்லா வீடுகளும் இப்படித் தனித்தனியே தற்காப்பு தேடிக்கொள்ளும்போது, கட்டணம் கூடினால் மட்டும் ஏன் கோபம் வருகிறது என்பதே எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் சுவையான கேள்வியாகத் தோன்றுகிறது.

ஐம்பது ஆண்டுக் குழாய்

இயந்திரம் பொருத்திய அன்றே தண்ணீர் தெளிவாக வருகிறது. குழாய்ப் பதிப்போ, அணையோ, சுத்திகரிப்பு நிலையமோ அப்படிப்பட்டதன்று. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு ஆற்று நீரைக் கொண்டுவரத் தித்திவங்சா மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர்ச் சுரங்கம் அமைத்தார்கள். சுரங்கப் பணி 2014இல் முடிந்தது. அந்நீரைச் சுத்திகரிக்கும் லங்காட் 2 நிலையமோ, மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான கருத்து வேறுபாட்டால் தாமதமாகி, 2019 இறுதியில்தான் தண்ணீர் வழங்கத் தொடங்கியது.

இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய பயனுக்கு மக்கள் எவ்வளவு மதிப்புத் தருவார்கள்? பொருளியலில் எதிர்காலப் பயனை வட்டி விகிதத்தால் கழித்துப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று கொண்டால், 50 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 1,000 ரிங்கிட்டின் இன்றைய மதிப்பு 141 ரிங்கிட்தான். 8 விழுக்காடு என்று கொண்டாலோ 21 ரிங்கிட். கடன் அட்டைக்கும் கார்த் தவணைக்கும் மாதம் பிறந்ததும் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு இந்த விகிதம் இன்னும் அதிகமாகவே இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர், 'குழாய் மாறும்போது நான் இங்கே இருப்பேனா?' என்று நினைப்பார். முதியவர், 'எனக்கு எதற்கு?' என்பார், அல்லது 'பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும்' என்பார். இந்த இரண்டாம் பதிலை ஆய்வாளர்கள் மரபுரிமை மதிப்பு என்று அழைக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மதிப்பு எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மகளுக்கென்று இருபது ஆண்டு முன்னரே நகை சேர்ப்பவர்கள் அவர்கள். நகை கண்ணெதிரே பெட்டிக்குள் இருக்கிறது. குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது.

சிங்கப்பூர் கேட்காமல் செய்தது

சிங்கப்பூரின் வழி வேறு. அங்குக் கட்டணத்தின் அடிப்படை, அடுத்த சொட்டுத் தண்ணீரைப் பெறுவதற்கு ஆகும் செலவு. ஜோகூருடன் செய்துகொண்ட 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிவடைகிறது. அதன்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை 1,000 காலனுக்கு 3 சென் விலையில் எடுக்கலாம். ஆனால் அடுத்த சொட்டு அந்த விலையில் வருவதில்லை. அது 2003இல் அறிமுகமான நியூவாட்டரிலிருந்தோ 2005 முதல் இயங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பிலிருந்தோ வர வேண்டும். ஆகவே அதன் செலவை இன்றே விலையில் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டுக் கொள்கை. 1991 முதல் தண்ணீர்ப் பாதுகாப்பு வரியும் சேர்ந்துகொண்டது.

2000ஆம் ஆண்டுக்குப் பின் உயராதிருந்த விலையை 30 விழுக்காடு உயர்த்தப் போவதாக 2017 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோது அங்கும் அதிருப்தி எழுந்தது. அந்த மார்ச் மாதம் ஹோங் லிம் பூங்காவில் கூட்டமே நடந்தது. 2.10 வெள்ளியாக இருந்த கன மீட்டர் 2018 ஜூலையில் 2.74 வெள்ளியாகவும், பின்னர் 2024, 2025 ஏப்ரல்களில் இரு கட்டங்களாக 3.24 வெள்ளியாகவும் ஆயிற்று. கூடவே வீவக குடும்பங்களுக்கு யூ-சேவ் தள்ளுபடியும் உயர்த்தப்பட்டது. ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் அளவு 2016இல் 148 லிட்டராக இருந்து 2018இல் 141 ஆகக் குறைந்தது.

விலையை உயர்த்திவிட்டு ஏழைகளுக்குத் தனியே உதவுவது ஒரு முறை. எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுவது இன்னொரு முறை. சிலாங்கூர் 2008 முதல் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசமாகத் தந்தது. 2020 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. கொடுக்க விருப்பம் இருப்பது வேறு, கொடுக்க இயல்வது வேறு என்பதால் அத்தகைய சலுகை தேவையே என்பது என் கருத்து. ஒரு குடும்பம் 5 ரிங்கிட்தான் தர முடியும் என்று சொல்வதால், பக்கத்து பங்களாவைவிட அதற்குத் தாகம் குறைவு என்று ஆகிவிடாது.

நம்பிக்கை என்னும் கணக்கு

உலக வங்கியின் ஆய்வுக் குழு ஒன்று பிரேசில், நைஜீரியா, பாகிஸ்தான், கேரளம் முதலிய இடங்களில் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டது. அதற்கு முன், ஒரு குடும்பம் வருமானத்தில் 3 முதல் 5 விழுக்காடு வரை தண்ணீருக்குத் தரும் என்ற ஒரு பொது விதியை வைத்தே திட்டமிட்டு வந்தார்கள். வருமானம் மட்டும் விருப்பத்தைத் தீர்மானிப்பதில்லை என்று அக்குழு கண்டது. இப்போதுள்ள தண்ணீர் எவ்வளவு தொல்லையானது, புதிய சேவை எவ்வளவு நம்பகமானது, அதைத் தருபவர்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பவையும் அவ்வளவுக்குப் பங்கு வகித்தன.

மலேசியாவில் இந்த நம்பிக்கைக்கு ஓர் எண் இருக்கிறது. சுத்திகரித்து அனுப்பும் நீரில் கட்டணமாகத் திரும்பாத பங்கை வருவாய் தராத நீர் என்பார்கள். கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் எல்லாம் இதில் அடங்கும். 2022இல் நாடு முழுவதற்கும் இது ஏறத்தாழ 37 விழுக்காடு. கிளந்தானில் பாதிக்கும் மேல். பல்லாண்டுகளுக்கு முன் பதித்த கல்நார் சிமெண்ட் குழாய்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் இன்னும் மாற்றப்படாமல் கிடப்பது முக்கியக் காரணம். இங்கேதான் ஒரு சிக்கல் விழுகிறது. குழாயை மாற்றப் பணம் வேண்டும். பணம் கேட்டால், 'ஓட்டைப் பானையில் ஏன் ஊற்ற வேண்டும்?' என்கிறார்கள் மக்கள். பணம் வராததால் ஓட்டை அப்படியே இருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் வழி நீண்டகாலச் சொத்துகளைக் கட்டும் பொறுப்பை ஒரு மத்திய அரசு நிறுவனம் ஏற்று, மாநில நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு வந்தது. குழாய்ச் செலவை ஒரே தலைமுறையின் தலையில் இறக்காமல் பல்லாண்டுகளுக்குப் பரப்புவது அதன் நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடகையும் கடைசியில் கட்டணத்திலிருந்தே வர வேண்டும்.

2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் சராசரியாகக் கன மீட்டருக்கு 22 சென் உயர்ந்தது. எங்கள் தாமானில் அதைப் பற்றிய பேச்சு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அதே காலத்தில் அருகிலுள்ள மலிவுவிலை அடுக்குமாடியில் நடந்த பேச்சோ வேறு வகையானது. அங்குள்ள பழைய கட்டடங்களில் முழுப் புளோக்குக்கும் ஒரே மீட்டர். நிர்வாகக் குழு எல்லாரிடமும் வசூலித்துக் கட்ட வேண்டும். சிலர் கட்டாமல் பாக்கி ஏறினால் தண்ணீர் நிற்பது அனைவருக்கும். நான்காம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மாவிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். ரசீதுகளை ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார்.

"பத்து வெள்ளி இல்லப்பா, பதினஞ்சு கூடக் கொடுப்பேன். எனக்குன்னு ஒரு மீட்டர் போடச் சொல்லு" என்றார்.

பல அடுக்குமாடிகளில் தனி மீட்டர்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. அவருடைய புளோக்கில் பாக்கியைத் தீர்த்த பிறகே அது நடக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.